சோர்க்கி-4: சுங்கை ரோட்டில் வாங்கிய கேமராவோடு எட்டு வருடம்

சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையை 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் அங்கே வாங்கியது இந்தச் சோர்க்கி-4 ஃபிலிம் கேமரா. கித்தான் விரிப்பில், ஓடாத கைக்கடிகாரங்களுக்கு நடுவே கிடந்தது. அங்கிள் 80 வெள்ளி சொன்னார், 60-க்குக் கொடுத்தார். “ரஷ்யாக்காரன் லைக்கா” என்றார். அதில் பாதி உண்மை.

உக்ரைனின் கார்க்கிவ் நகரில் 1934-இலிருந்து ஜெர்மன் கேமராவான லைக்கா-2ஐப் பார்த்து ஃபெட் என்ற கேமராவைச் செய்தார்கள். போருக்குப் பிறகு மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலை அதையே எடுத்துக்கொண்டு சோர்க்கி என்று பெயர் வைத்தது. ரஷ்ய மொழியில் கூரிய பார்வை உடையது என்று பொருள். நான்காம் மாடல் 1956-இலிருந்து 1973 வரை வந்தது, பதினேழு லட்சத்துக்கும் மேல். என்னுடையதன் எண் 66 என்று தொடங்குகிறது. அந்த ஆலையின் வழக்கப்படி 1966-இல் செய்தது. கூடவே வந்த ஜூபிடர்-8 லென்ஸும் ஜெர்மன் ஸொன்னாரின் வாரிசு. ஆக, நகல் உடம்பில் நகல் கண்.

முதல் ரோல் அடுத்த பொங்கலுக்கு, சிராங்கூன் சாலை ஒளியூட்டு. கழுவி வந்த 36 படங்களில் சரியாக இருந்தவை ஒன்பது. பகலில் எடுத்தவற்றில் ஒரு ஓரம் கருப்பாக இருந்தது. சிலவற்றில் வெள்ளைப் புள்ளிகள். மீதி எல்லாம், நான் குறி வைத்த முகத்துக்குப் பின்னால் நின்றவர் மேல் கூர்மை. நகர் மண்டபப் பக்கம் ஒரு பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு முறை திருகி, காதில் வைத்துக் கேட்டுவிட்டு, “இதுக்குச் செலவு பண்ணாதீங்க. இருநூறு ஆகும், இருநூறுக்கு வேற கேமரா வாங்கலாம்” என்றார். அவர் சொன்ன கணக்கு சரிதான். எனக்குத்தான் கேட்கப் பிடிக்கவில்லை.

டெக்சாஸில் இருக்கும் என் மச்சானிடம் போனில் புலம்பினேன். அவனுக்குக் கருமருந்து ரிவால்வர் பைத்தியம். 1851 மாடல் கோல்ட் நேவியின் இத்தாலிய நகல் ஒன்று வைத்திருக்கிறான். மருந்தைப் பற்றவைக்கும் குட்டிச் செப்புத் தொப்பி வெடித்து, அதன் துணுக்கு சுத்தியலுக்குள் விழுந்து, உருளை சுழலாமல் நின்றுவிடுமாம். நம்மூரில் அந்த மாதிரி நகலைக் கூட அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது, பேச்சோடு சரி. ஆனால் அவன் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பயன்பட்டது. “நகல்னா மட்டம்னு அர்த்தமில்லடா. ஆலைக்காரன் கடைசி மெருகை நம்மகிட்ட விட்டுட்டான், அவ்வளவுதான். எது எப்போ சிக்குதுன்னு முதல்ல எழுதி வை. ஒரு தடவைக்கு ஒரு திருகு மட்டும் தொடு.” நான் எழுதி வைத்தேன். ஒரு திருகோடு நிறுத்தவில்லை. அதன் பலன் கீழே வருகிறது.

கருப்பு ஓரத்துக்குக் காரணம் இது. இந்தக் கேமராவில் ரப்பர் பூசிய துணித் திரைகள் இரண்டு. முதல் திரை ஓடி ஒளியைத் திறக்கும், இரண்டாவது துரத்திக்கொண்டு வந்து மூடும். வேகம் 1000, அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, என்றால் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கீற்றுதான் இடைவெளி. முதல் திரை கொஞ்சம் மந்தமானால் இரண்டாவது பாதி வழியிலேயே அதைப் பிடித்துவிடும். கீற்று மூடிக்கொள்ளும், மீதி இருட்டு. என்னிடம் 500-இலும் 1000-இலும்தான் இந்தத் தொல்லை, 250-இலும் அதற்குக் கீழும் இல்லை. எதிர் புளோக்கின் வெள்ளைச் சுவரை, வேகத்துக்கு ஒரு படமாக எடுத்துப் பார்த்ததில் இது தெரிந்தது.

திரை மந்தம் என்றால் அதை இழுக்கும் சுருள்வில்லை இறுக்கு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பின்மூடியும் அடிமூடியும் ஒரே துண்டாகக் கழன்று வரும். கீழே இரண்டு வில்லுருளைகளின் முனைகள் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு குட்டிப் பூட்டுத் திருகு பிடித்திருக்கும். பெரிய முனையைத் திருப்புளியால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பூட்டைத் தளர்த்த வேண்டும். ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில், பிடிக்காமல் தளர்த்தினேன். ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம், அரை விநாடிகூட இல்லை. ஐம்பது வருடம் சுற்றியிருந்த வில் மொத்தமும் அவிழ்ந்துவிட்டது. எத்தனை சுற்று இருந்தது என்று நான் எண்ணவில்லை. சமையலறையிலிருந்து மனைவி, “என்னங்க, உடைச்சிட்டீங்களா?” என்றாள். இல்லை என்றேன்.

திரும்பச் சுற்ற இரண்டு வார இறுதி பிடித்தது. திரை தானாக முழுதும் கடக்கும் வரை சுற்றி, அப்புறம் கால் கால் சுற்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சோதனை. நன்றாக இறுக்கியும் கருப்பு ஓரம் போகவில்லை. உண்மையான குற்றவாளி வில்லே இல்லை, காய்ந்துபோன பழைய கிரீஸ். உருளைகளின் அச்சுமுனைகளில் ஊசி நுனியால் ஒரு துளி லைட்டர் திரவம் விட்டு, ஐம்பது அறுபது தடவை அழுத்திவிட்டேன். பழுப்பாக ஏதோ ஊறி வந்தது, பஞ்சுக்குச்சியால் துடைத்தேன். மறுபடி ஊசி நுனியளவு கடிகார எண்ணெய். 500 சரியாகிவிட்டது, வில்லையும் அரைச் சுற்றுத் தளர்த்த முடிந்தது. முதலில் சுத்தம், பிறகுதான் இறுக்கம் என்று இப்போது அட்டையில் எழுதி கேமராப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். லைட்டர் திரவம் திரைத் துணியில் படக்கூடாது, ரப்பர் கெட்டுவிடும். சன்னலையும் திறந்து வையுங்கள், எளிதில் தீப்பிடிக்கும் சரக்கு. டப்பாவில் அடித்துத் தெளிக்கும் துரு எண்ணெய் பக்கமே போகாதீர்கள். நம்மூர் வெக்கையில் அது நகர்ந்து நகர்ந்து லென்ஸ் வரைக்கும் போய்விடும்.

வெள்ளைப் புள்ளிகளுக்கு இரவில் விளக்கை அணைத்து, லென்ஸைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தைத் திரைக்குப் பின்னால் வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் மாதிரி நாலு ஊசித்துளை. துணிக்குப் பூசும் கருப்புச் சாயத்தைப் பல்குச்சியால் மிக மெல்லிசாக வைத்தால் அடைபடும். தடித்தால் திரை மடங்காது. சரி, நாலும் அடைபட்டன. இரண்டு வருடம் கழித்து ஐந்தாவது வந்தது, பட்டாணி அளவு. அது முழுக்க என் தப்பு. மரினா அணைக்கட்டின் புல்வெளியில் பட்டம் விடுவதைப் பார்த்துக்கொண்டே கேமராவை மல்லாக்க வைத்தேன், லென்ஸ் மூடி இல்லாமல். இந்த வகைக் கேமராவில் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே ஒளியைத் திருப்பும் கண்ணாடி குறுக்கே நிற்பதில்லை. லென்ஸ் பூதக்கண்ணாடியாகி மதிய வெயிலை நேரே துணியில் குவித்துவிட்டது. அந்தத் துளையைச் சாயத்தால் அடைக்க முடியவில்லை, மெல்லிய ரப்பர் துணித் துண்டு ஒட்டினேன். அன்றிலிருந்து மூடியை நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பார்க்க அசிங்கம்தான்.

குவியம் அவ்வளவு சிரமம் தரவில்லை. பின்பக்கத்தைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, அழுத்தியிருக்கும் வரை திறந்தே இருக்கும் ‘பி’ வேகத்தில் ஷட்டரைத் திறந்து வைத்தால் படம் அதிலேயே விழும். பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரத்திலிருந்து தூரத்துப் பாரந்தூக்கியின் முனையைப் பார்த்தேன். ஒட்டுநாடாவில் கூர்மையாக இருந்தது, காட்சிக்குழலில் இரட்டையாகத் தெரிந்தது. லென்ஸ் சரி, காட்சிக்குழலில் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கிக் குவியம் காட்டும் தூரமானிதான் விலகியிருக்கிறது என்று புரிந்தது. அதன் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் இரண்டு பாரந்தூக்கியும் ஒன்றாகின.

மெதுவான வேகங்களைக் கைப்பேசியின் ஸ்லோ மோஷனில் பார்த்துக்கொள்கிறேன். விநாடிக்கு 240 சட்டம் (ஃபிரேம்) எடுத்தால், 30-இல் எட்டுச் சட்டம் திறந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்பது, சில நாள் பத்து. ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேக வளையத்தைத் திருப்ப வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே இருக்கும் அமைப்பு கெடும், பழுதுக்கு வரும் கேமராக்களில் பல இப்படிப் போனவைதான். இன்னொன்று பூஞ்சை. இங்கே காற்றில் ஈரம் பெரும்பாலும் எண்பது சதவீதத்துக்கு மேல், அலமாரியில் வைத்தால் லென்ஸுக்குள் சிலந்திவலை முளைக்கும். கேமராவை விட உலர்பெட்டிக்கு நான் அதிகம் கொடுத்தேன், அது வீண் செலவில்லை. உள்ளே 45 சதவீதத்தில் நிற்கிறது. ஊறுகாய் ஜாடியில் சிலிக்கா ஜெல் போட்டும் சிலர் சமாளிக்கிறார்கள், மாதா மாதம் அதை வறுத்து எடுக்கும் பொறுமை எனக்கு இல்லை.

திருப்புளி பிடிக்கப் பிடிக்காதவர்கள் வாங்க வேண்டாம், ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒன்று தளரும். போன தீபாவளிக்கு எடுத்த 36-இல் 33 தேறியது. மீதி மூன்றில் கை ஆடியது நான். 1000-ஐ இன்னும் நான் தொடுவதில்லை, ஓரம் லேசாக மங்குகிறது. 200 ஃபிலிமுக்கு இந்த ஊர் வெயிலில் எஃப்16 என்ற சிறிய லென்ஸ் துவாரத்தில் 250 போதும்.