வழு சரியாகிவிட்டது; என் கணினியில் எப்போது?

பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழ்ப் பத்தியை நகலெடுத்தால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். நான் அன்றாடம் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றில் இருந்த வழு (பிழை) அது. 2023 ஏப்ரலில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி அதை மூடினார்கள். மறுநாளே மென்பொருளைப் புதுப்பித்துப் பார்த்தேன். கொம்பு தனியாகத்தான் நின்றது.

சரிசெய்தது மூல நிரலில். அது ஒரு பதிப்பாக வெளியாக வேண்டும், பிறகு என் இயங்குதளம் அந்தப் பதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் பாதியைக் கண்காணிக்க ஆறு ஆண்டுகளாக நான் நம்பியிருப்பது, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' கருவியின் 'கிட் டேக் --கன்டெயின்ஸ்' என்ற ஒற்றைக் கட்டளையைத்தான். கமிட்டின் (பதிவான ஒரு மாற்றத்தின்) அடையாளமான ஹாஷ் எண்ணைக் கொடுத்தால் அந்த மாற்றம் அடங்கிய டேக்குகளை, அதாவது பதிப்புகளுக்கு இட்ட பெயர்ச்சீட்டுகளை, பட்டியலிடும். ஒன்றுமே வராவிட்டால் இன்னும் வெளியாகவில்லை என்று பொருள். கட்டளை தட்டச்சிடும் முனையத்தைத் தொட விரும்பாதவர்களுக்கு, நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் கமிட் பக்கத்திலேயே டேக் பெயர்கள் தெரியும்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. பட்டியல் அகர வரிசையில் வருவதால் 2.9-க்கு முன்னால் 2.10 நிற்கும், முதல் வரியை நம்பி ஒருமுறை ஏமாந்தேன். என் கணினியில் இருக்கும் நிரல் களஞ்சியத்தின் நகல் பழையதாக இருந்தால் பதிலும் பழையதாகவே இருக்கும். முதலில் 'ஃபெட்ச்' செய்து புதியவற்றை இறக்கிக்கொள்ள வேண்டும். பெரிய குறை வேறு. பழைய பதிப்புக் கிளைக்கு மாற்றத்தைச் செர்ரி-பிக் செய்து, அதாவது அதை மட்டும் தனியே எடுத்து, கொண்டுபோனால் ஹாஷ் எண் மாறிவிடும், கட்டளை கையை விரித்துவிடும். மூலக் கமிட்டின் எண்ணைக் குறிப்பில் எழுதிவைக்கும் பழக்கம் லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் கருவின்) நிலையான கிளைகளில் இருக்கிறது. அங்கே மாற்றங்களின் பட்டியலான 'கிட் லாக்'கில் அந்த எண்ணைத் தேடினால் போதும். எழுதிவைக்காத திட்டங்களில் கமிட் தலைப்பை வைத்துத் துழாவ வேண்டியதுதான்.

இரண்டாம் பாதியில்தான் என் பொறுமை தேய்ந்தது. திருத்தம் அடங்கிய பதிப்பு 2023 ஜூலையில் வெளியானது. என் இயங்குதளமான டெபியன் 12 அதற்கு முந்தைய மாதமே, ஜூன் 10 அன்று, வந்துவிட்டது. வெளியான பிறகு டெபியனின் நிலையான பதிப்பு பாதுகாப்புத் திருத்தங்களையும் கடுமையான வழுக்களுக்கான திருத்தங்களையும்தான் ஏற்கும். கொம்பு பிரிவது யாருக்குக் கடுமை? 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்த பிறகே என் எழுத்துகள் ஒன்றுசேர்ந்தன. வழுவை மூடியதிலிருந்து இருபத்தெட்டு மாதங்கள் கையாலேயே திருத்தினேன். நானே தொகுத்து நிறுவியிருக்கலாம். அடுத்தடுத்த புதுப்பித்தல்களையும் நானே சுமக்க வேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. டெபியன் பொதியின் (நிறுவத் தயாரான மென்பொருள் கட்டின்) பதிப்பெண் பழையதாகவே இருக்கும், வாலில் 'டெப்12யு1' என்று ஒட்டியிருக்கும். திருத்தம் உள்ளே ஏற்கெனவே வந்திருக்கும். எண்ணை மட்டும் பார்த்து 'இன்னும் வரவில்லை' என்று முறையிட்டு ஒருமுறை அசடு வழிந்தேன். இப்போது முதலில் பொதியோடு வரும், மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாக் கோப்பைத் திறந்துவிடுகிறேன்.