டிசம்பர் லீவில் ஓதச் சுவருக்கு ஆள் தேடியது: கும்பகோணம் அனுபவம்

டிசம்பரில் ஊருக்கு வந்து, இருக்கிற கொஞ்ச நாளில் பழைய வீட்டின் ஓதச் சுவரை, அதாவது ஈரம் ஊறிய சுவரைச் சரிபண்ணிவிட்டு விமானம் ஏறிவிடலாம் என்று திட்டம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியாது. ஆனால் முடியும் என்று சொல்ல ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள், போன் போட்ட அன்றைக்கே வருகிறார்கள், வாட்ஸப்பில் ராத்திரிக்குள் கொட்டேஷன் வந்துவிடுகிறது. லண்டனில் ஒரு ஆள் வந்து சுவரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அந்த விஷயத்தில் கும்பகோணம் எவ்வளவோ மேல். வந்தவர் என்ன பார்க்கிறார் என்பதுதான் பிரச்சினை.

வீடு தாத்தா காலத்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீளமாக ஓடும் வீடு. சித்துக்கல் என்கிற சின்னச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர். இந்த மாதிரி வீடுகளில் தரையிலிருந்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்க இப்போது போடுகிற டி.பி.சி. எல்லாம் கிடையாது. ஈரம் கொஞ்சம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகி வெளியே போய்விடும், பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்தால் போதும், கணக்கு சரியாக இருந்தது. நடுவில் ஒரு கல்யாணத்துக்காகக் கூடத்துச் சுவருக்கு சிமெண்ட் பூசி எமல்ஷன் அடித்தார்கள். சில வருஷத்தில் உப்பு பூத்தது. அதை மறைக்க நாலு அடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் டைல்ஸுக்குப் பின்னாலேயே ஏறி, இப்போது அதற்கு மேலே ஒரு அடி அகலத்துக்குப் பட்டையாக நிற்கிறது. பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது, விரலால் அழுத்தினால் அப்பளமாக நொறுங்குகிறது, உள்ளே வெள்ளை வெள்ளையாக உப்பு. தண்ணீரோடு ஏறி வந்த உப்பு, தண்ணீர் ஆவியானதும் பூச்சுக்குள்ளேயே கட்டியாகி அதை உடைத்துத் தள்ளுகிறது. அம்மா தினமும் காலையில் சுவரோரம் மட்டும் தனியாகப் பெருக்கி முறத்தில் அள்ளுகிறாள்.

முதலில் வந்தவர் ஒரு வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனியின் ஆள். சட்டையில் கம்பெனி பெயர், கையில் டேப்லெட், இரண்டு முள் வைத்த ஈர மீட்டர். சுவரில் குத்தினார், சிவப்பு காட்டியது, என் முகத்தைப் பார்த்தார். அந்த மீட்டர் அளப்பது இரண்டு முள்ளுக்கும் நடுவில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதைத்தான், உப்பு இருந்தால் ஓரளவு காய்ந்த சுவர்கூடச் சிவப்பு காட்டும். சதுர அடிக் கணக்கில் ஒரு தொகை, இரண்டு கோட் அடித்தால் பத்து வருஷம் வாரண்டி என்றார். வாரண்டித் தாளை முழுசாக அனுப்பச் சொல்லிப் படித்தேன். நிலத்திலிருந்து ஏறும் ஈரத்துக்கு இது பொருந்தாது என்று கீழே ஒரு வரி. எங்கள் சுவரில் இருப்பதே அதுதான். அவரிடம் கேட்டபோது, "சார், அது சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். இப்படி யாராவது சொன்னால் அந்த வரியை அடித்துக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

அடுத்து பெயிண்டர். நல்ல மனிதர், எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான். கொப்பளித்ததைச் சுரண்டிவிட்டு, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து முடித்துவிடலாம், நீங்கள் கிளம்புவதற்குள் பளபளவென்று இருக்கும் என்றார். அதுவரைக்கும் உண்மைதான். அடுத்த ஐப்பசியில் எப்படி இருக்கும் என்றதற்குச் சிரித்துக்கொண்டே, "மறுபடி அடிச்சுக்கலாம் சார்" என்றார். குறைந்தபட்சம் ஒளிக்கவில்லை.

மூன்றாவது ஆள் தஞ்சாவூரிலிருந்து, சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு, ஈரம் ஏறாமல் தடுக்கிற மருந்து ஏற்றுபவர். இந்த வேலை இங்கிலாந்திலும் பிரபலம், எல்லா இடத்திலும் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் துளை போடும் வரிசை வெளியே இருக்கிற நில மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் அதற்கு மேலேயே பக்கவாட்டில் உள்ளே வந்துவிடும். இவர் கூடத்துத் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். வெளியே போய்ப் பார்க்கவே இல்லை.

வெளியே போய்ப் பார்த்தவர் மேஸ்திரி ஒருவர்தான். பக்கத்துத் தெருக்காரர், எழுபதை நெருங்குகிறவர், கோயில் திருப்பணியில் சுண்ணாம்பு வேலை செய்தவர். வந்தவர் உள்ளே நுழையாமல் சந்துப் பக்கம் போய், செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்று பார்த்தார். "தம்பி, செவுத்துல ஒண்ணுமில்ல. தெருவப் பாருங்க" என்றார்.

பார்த்தால் புரிகிறது. சின்ன வயதில் திண்ணைக்கு மூன்று படி ஏறுவோம், இப்போது ஒன்று. ஒவ்வொரு முறையும் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, தெரு கிட்டத்தட்ட வீட்டுக்குச் சமமாக வந்துவிட்டது. பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவு போட்டார், நல்ல உத்தரவு, எங்கள் தெரு அதற்கு முன்பே உயர்ந்துவிட்டது. சந்தில் இன்னும் மோசம். பக்கத்து வீடு கட்டும்போது கொட்டிய மண் எங்கள் சுவரில் சாய்ந்து, உள்தரையைவிட ஒரு அடிக்கு மேல் நிற்கிறது. போதாக்குறைக்கு, 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊரே அவசர அவசரமாகக் குழி தோண்டியதே, அப்போது எங்கள் வீட்டில் தோண்டிய குழி சுவரை ஒட்டி இருக்கிறது. திட்டத்தில் தப்பில்லை, குழியைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டிருக்க வேண்டும். ஓட்டிலிருந்து இறங்குகிற தண்ணீர் மொத்தமும் அஸ்திவாரத்துக்குப் போயிருக்கிறது.

கொத்தனாருக்கு ஆயிரம், சித்தாளுக்கு அறுநூறு என்று நாள் கூலி. சந்து மண்ணை வெட்டி எடுத்து உள்தரைக்குக் கீழே இறக்கினார்கள், சுவரோரம் வாய்க்கால் மாதிரி வெட்டி ஜல்லி நிரப்பினார்கள், பழைய குழியை மூடிக் கொல்லையில் புதிதாகத் தோண்டினார்கள். உள்ளே டைல்ஸையும் சிமெண்ட் பூச்சையும் ஈரக்கோட்டுக்கு மேல் இரண்டு அடி வரை கொத்தி எடுத்தாகிவிட்டது. கொத்தும்போது வீடெல்லாம் புழுதி, பீரோவுக்குப் போர்வை போட்டும் பிரயோஜனமில்லை, அம்மாவுக்கு இருமல் வந்து இரண்டு ராத்திரி சித்தப்பா வீட்டில் தூங்கினாள். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதோடு வேலை நிற்கிறது, இப்போது பூசக்கூடாது. மழை முடிந்த கையோடு பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். செங்கல் தெரியத் தெரிய பங்குனி வரை சுவர் காய வேண்டும். உப்பு வெளியே வர வர, காய்ந்த துடைப்பத்தால் தட்டி அள்ளிவிட வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். அப்புறம் சித்திரை வெயிலில் சுண்ணாம்புப் பூச்சு. கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைக்க வேண்டும் என்கிறார் மேஸ்திரி, சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி ஊறப்போட வேண்டுமாம். அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளைதான், பளபளப்பெல்லாம் வராது, சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். அம்மாவுக்கு இதில் இன்னும் மனசில்லை.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நம் ஆட்கள் வீடுகளில் நான் பார்க்கிற கரும்பூஞ்சை வேறு வியாதி. அது பெரும்பாலும் ஜன்னலைத் திறக்காமல் சமைத்து, உள்ளேயே துணி உலர்த்தி, அந்த நீராவி குளிர்ந்த சுவரில் படிவது. எது என்று சந்தேகமாக இருந்தால் சுவரில் ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒன்றிரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அறையின் ஈரம், பின்பக்கம் வியர்த்தால் சுவரின் ஈரம். மீட்டருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

லீவில் வந்திருக்கிறோம் என்று தெரிந்தாலே ரேட் ஏறுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் தம்பி திருச்சியிலிருந்து பேசி வாங்கிய ரேட்டும், நான் அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்று கேட்ட ரேட்டும் ஒன்றாக இல்லை. மொத்தப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள், வாரக் கடைசியில் நடந்த வேலைக்கு ஜிபேயில் போட்டால் போதும். மேஸ்திரியிடம் ஸ்மார்ட்போன் கிடையாது, அவர் பேரன் சனிக்கிழமை சாயந்திரம் வீடியோ காலில் சுவரைக் காட்டுகிறான்.

ஓட்டுத் தண்ணீரைக் கொல்லைக் குழிக்குத் திருப்பக் குழாய் போட வேண்டிய பிளம்பர் மட்டும் நான் கிளம்புகிற வரை "நாளைக்கு வர்றேன் சார்" என்றே இருந்தார், கடைசியில் மேஸ்திரியும் பேரனும் கடையில் பைப் வாங்கிவந்து அவர்களே மாட்டிவிட்டார்கள்.