வி.ஆர். ஹெட்செட், இரண்டு வருஷம் கழித்து: அந்தக் கறுப்பு வளையம்

கண்ணை மறைத்து மாட்டிக்கொள்ளும் என் மெய்நிகர் காட்சி ஹெட்செட் போன மாசம் முழுக்க சர்வீஸில் கிடந்தது. இடது பக்க டிஸ்ப்ளேயை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செட்டிங் எல்லாம் முதல் நாள் நிலைக்குப் போய்விட்டது. விளையாட்டில் விமானத்தைக் கிளப்பினேன், நகர ஆரம்பித்ததுமே பார்வையின் ஓரமெல்லாம் கறுப்பு வளையம், குமட்டாமலிருக்க விளையாட்டே போடுவது.

வாங்கலாமா என்று நண்பர் கேட்டது அதே வாரம்தான்.

பேட்டரி, ரெசல்யூஷன் பற்றியெல்லாம் நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் இதை வைத்திருப்பது ஒரே விஷயத்துக்காக: உட்கார்ந்த இடத்திலிருந்தே கிளம்பிப் போவதற்கு. பக்கத்துத் தண்டவாளத்து ரயில் நகர்ந்தால் நம் ரயில் நகர்வதுபோல இருக்குமே, அதேதான். இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாஹ் 1875-லேயே எழுதிவைத்த சமாச்சாரம். இப்போது வெக்‌ஷன் என்கிறார்கள். காட்சி ஓடத் தொடங்கிய உடனே வராது. சில விநாடிகள் வெறும் படம்தான். அப்புறம் திடீரென்று உலகம் நின்றுவிடும், நான் போய்க்கொண்டிருப்பேன். நாற்காலிக் கைப்பிடியை எப்போது இறுக்கினேன் என்றே தெரியாது. நின்றபடி ஆடினால் கால் விரல்கள் தரைவிரிப்பைக் கவ்விக்கொள்ளும்.

உள்காது வேகம் மாறினால்தான் சொல்லும். சீராகப் போகும்போது அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை, கண் வைத்ததுதான் சட்டம். ஸ்டிக்கைத் தள்ளித் திரும்பினால்தான் வம்பு: திரும்பியாயிற்று என்கிறது கண், இல்லவே இல்லை என்கிறது காது, நடுவில் மாட்டுவது வயிறு. முதல் வாரம் பத்து நிமிஷம் ஆடிவிட்டு இரண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தேன். இந்த உணர்வைக் கிளப்புவதில் ஓரப் பார்வைக்குப் பெரும் பங்கு உண்டு. வளையம் அதைத்தான் மறைக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வாரமே விற்றிருப்பேன், நியாயத்தைச் சொல்ல வேண்டும்.

ஆனால் குமட்டலோடு சேர்த்துப் பறப்பதையும் அது கொன்றுவிடுகிறதே! குழாய் வழியாக விமானம் பார்ப்பதற்கா இத்தனை காசு? திரும்பும்போது மட்டும் வா, நேராகப் போகும்போது ஒதுங்கு என்று சொல்ல வழியில்லை. நான் ஆடும் விளையாட்டில் போட்டால் எப்போதும் இருக்கும், அணைத்தால் அறவே இல்லை. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தானாக முளைக்கும். அணைக்க நாலு மெனு உள்ளே போக வேண்டும்.

அன்றைக்கு ஆத்திரத்தில் அணைத்துவிட்டுப் பறந்தேன். ஒரு மாசம் தொடாததில் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது திருப்பத்திலேயே நெற்றி வியர்த்துவிட்டது. கழற்றி வைத்துவிட்டு, வளையத்தை நானே திரும்பப் போட்டேன்.

நண்பரிடம் வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் உன்னுடையதை ஒரு மாசம் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்கிறார். அதெல்லாம் முடியாது.