பயனர்வெளி பிளாக் டிரைவர்: வேகம் சரி, நினைவகம் தீர்ந்தால்?

பிளாக் சாதனத்தின், அதாவது வட்டு போன்ற சேமிப்புச் சாதனத்தின், டிரைவரை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வெளியே (பயனர்வெளியில்) ஒரு சாதாரண நிரலாக ஓட்டுவது லினக்ஸில் புதிய யோசனை அல்ல. வேறு சர்வரின் வட்டை வலை வழியே சொந்த வட்டுபோலக் காட்டும் என்பிடி 1990களிலேயே வந்துவிட்டது. வட்டுக் கோரிக்கைகளைப் பயனர்வெளி நிரலிடம் ஒப்படைக்கும் யூபிஎல்கே 2022இல், கெர்னலின் 6.0 பதிப்போடு சேர்ந்தது. இரண்டையும் நெடுநாளாக வேலைக்கு வைத்திருக்கிறேன். யூபிஎல்கேயின் வேகத்தைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. டிரைவர் செத்தால் இயந்திரமும் சேர்ந்து சாவதில்லை என்பது பெரிய நிம்மதி. என் புகார் எல்லாம் ஒன்றுதான்: நினைவகம் தீரும் நேரத்தில் இவற்றின் நடத்தை.

நெருக்கடி வந்ததும் கெர்னல் இடத்தைக் காலி செய்யக் கிளம்பும். வட்டில் இன்னும் எழுதப்படாத நினைவகப் பக்கங்களை எழுதி முடித்தால்தான் அவற்றை விடுவிக்க முடியும். அந்த வட்டை நடத்துவது நம் நிரல் என்றால் எழுத வேண்டிய கோரிக்கை அதனிடமே வந்து சேரும். அதை நிறைவேற்ற நிரலுக்கும் கொஞ்சம் நினைவகம் வேண்டும். கேட்டால், இடம் காலியாகும்வரை கெர்னல் அதையும் நிறுத்தி வைக்கும். காலியாக வேண்டிய இடமோ அந்த நிரலின் கையில். கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர்கள் இதற்கென்று முன்கூட்டியே நினைவகத்தை ஒதுக்கி வைத்துக்கொள்கின்றன. கேட்கும்போதும் 'வட்டைத் தொடாமல் கொடு' என்று கேட்கின்றன. வெளியே ஓடும் நிரலுக்கு அந்தச் சலுகை இயல்பாகக் கிடையாது.

மாட்டிக்கொண்ட இயந்திரம் சாகாது, அதுதான் எரிச்சல். பிங் பதில் தரும். டிரைவர் டி நிலையில், அதாவது குறுக்கிட முடியாத காத்திருப்பில், நிற்கும், கில் கட்டளையை மதிக்காது. 120 வினாடி கழிந்ததும் 'முடங்கிய பணி' என்ற எச்சரிக்கை பதிவில் விழும். அந்நேரம் டிரைவரின் கெர்னல் ஸ்டேக்கை (ஒன்றையொன்று அழைத்த செயல்களின் அடுக்கை) கீழிருந்து மேலாகப் படித்தால் கதை முழுவதும் தெரியும். அடியில், தரவு உண்மையில் தங்கும் பின்தளச் சர்வருக்கு அதை அனுப்பும் சென்ட்எம்எஸ்ஜி அழைப்பு. அதன் மேல் அந்த வலை இணைப்பின் சாக்கெட்டுக்கான நினைவக ஒதுக்கீடு. அதற்கும் மேல் இடம் காலியாக்கப் பழைய ஐநோடுகளை (நினைவகத்தில் வைத்த கோப்பு விவரங்களை) களையும் வேலை. உச்சியில் கோப்பு முறைமையின் மாற்றக் குறிப்பேடான ஜர்னலுக்காகக் காத்திருப்பு. அந்த ஜர்னல் இருப்பதோ இதே டிரைவர் நடத்தும் வட்டில்.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் மருந்து எம்லாக்ஆல் என்ற அழைப்பு. போடத்தான் வேண்டும், ஆனால் அது பாதி மருந்துகூட இல்லை. நிரலின் சொந்தப் பக்கங்களை அது நினைவகத்திலேயே பிடித்து வைக்கும்; நிரலுக்காகக் கெர்னல் தன் பக்கத்தில் ஒதுக்குவதை அது தொடுவதில்லை. மேலே சொன்ன ஸ்டேக்கில் சிக்கல் அங்கேதான்.

உண்மையான பயன் தந்தது 2020இல், 5.6 பதிப்பில் வந்த பிஆர்-செட்-ஐஓ-ஃப்ளஷர் என்ற கொடி. பிஆர்சிடிஎல் என்ற கெர்னல் அழைப்பு வழியாக ஓர் இழை (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடர்) இதை இட்டால், அந்த இழை கேட்கும் நினைவகத்துக்காகக் கெர்னல் புதிதாக வட்டு வேலை எதையும் தொடங்காது. இதற்குக் கேப்-சிஸ்-ரிசோர்ஸ் உரிமை வேண்டும். கொடி ஒவ்வோர் இழைக்கும் தனி. பிறக்கும் இழை தாயிடமிருந்து அதைப் பெறும், முன்பே பிறந்துவிட்ட இழைக்கு அது போய்ச் சேராது. ஆகவே நிரல் தொடங்கும் இடமான மெயினின் முதல் வரியிலேயே இடுவதுதான் முறை. தொடக்கத்திலேயே தானாக இழைகளைப் பெற்றுப்போடும் நூலகங்களைக் கண்டால் நான் ஒதுங்கிவிடுகிறேன்.

எந்தக் கொடியாலும் தீராதவையும் உண்டு. டிரைவர் தன் பதிவுக் கோப்பைத் தானே நடத்தும் வட்டில் எழுதினால் நினைவகம் நிறைய இருந்தாலும் ஒருநாள் நிற்கும். இணைப்பு அறுந்து மீண்டும் சேரும்போது பெயரைத் தேட அந்த வட்டிலுள்ள கோப்புகளைப் படிக்கப் போவதும் அதே ரகம். என்பிடி சர்வரையும் கிளையண்டையும் ஒரே இயந்திரத்தில் வைத்து அதில் எழுதுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சாதாரண வேகச் சோதனையில் இவை எதுவும் தலைகாட்டாது. நினைவகம் மிகக் குறைவான மெய்நிகர் இயந்திரத்தில் லட்சக்கணக்கான சிறு கோப்புகளை எழுதவிட்டு, நடுவே பின்தள இணைப்பை வெட்டிப் பார்க்க வேண்டும். அதில் தேறிய டிரைவரைத் தரவு வட்டுக்குத் தயங்காமல் தருகிறேன், நினைவகம் தீர்ந்தால் கெர்னல் அதைக் கொல்லாதபடி ஓஓஎம் மதிப்பை மைனஸ் 1000 ஆக்கிய பிறகு. நினைவகம் நெருக்கும்போது பக்கங்களை வட்டுக்கு ஒதுக்கும் ஸ்வாப்பை மட்டும் இன்றுவரை அதன்மேல் வைத்ததில்லை, வைக்கும் எண்ணமும் இல்லை.