ரோஜாவில் கரும்புள்ளி: சூடோமோனாஸா, பொடி மருந்தா?

திருவையாற்றுப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்பது ரோஜாச் செடிகள். ஏழு ஒட்டுச்செடி, இரண்டு பன்னீர் ரோஜா. போன வருடம் ஐப்பசி அடைமழையில் ஒட்டுச்செடி ஏழும் மொட்டைக் குச்சியாக நின்றன. இலையில் ஓரம் பிசிறடித்த கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள். விரல் பட்டாலே காம்போடு கையில் வந்துவிடும். கரும்புள்ளி நோய்தான். அந்த வருடம் அடித்தது சூடோமோனாஸ். இந்த வருடம் கடையில் விற்கும் ரசாயனப் பொடி மருந்துக்கு மாறினேன். பொடி மருந்துப் பக்கம்தான் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, அதை விடுங்கள். சூடோமோனாஸ் என்பது நோய்ப் பூஞ்சையை அடக்கும் உயிருள்ள பாக்டீரியா. லிட்டருக்கு 5 முதல் 10 கிராம் கரைத்துத் தெளிக்கலாம். பிள்ளைகள் ஓடியாடும் கொல்லைக்கு அதுதான் நிம்மதி. வாங்கும்போது பாக்கெட்டில் காலாவதித் தேதி பார்க்க வேண்டும், தாமிர மருந்தோடு கலக்கக் கூடாது. புளித்த மோர், வேப்பெண்ணெய்க் கரைசல் எல்லாமே ஏறக்குறைய இதே கட்சி.

ஆனால் நம் ஊரில் இதைத் தீர்மானிப்பது மழை. கரும்புள்ளிப் பூஞ்சை இலைக்குள் இறங்க, இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருந்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே இலை காய்வதே அதிசயம். அதாவது மருந்து மிக அவசியமான அந்த இரண்டு மாதத்தில்தான், இலைமேல் நிற்கிற எதுவும் நிற்காது. காலையில் சூடோமோனாஸ் அடிப்பேன், மூன்று மணிக்கு மழை கொட்டும், வாசலில் வெள்ளையாக ஓடும் தண்ணீரில் என் உழைப்பும் போகும். மறுபடி கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு, கணுக்கால் வரை களிமண்ணில் இறங்க வேண்டும். மூன்று, நான்கு நாளைக்கு ஒருமுறை இப்படி அடித்து, கார்த்திகை பிறந்ததும் கைவிட்டேன்.

இந்த வருடம் வாங்கியது கார்பெண்டாசிம் 12 சதவீதம், மேங்கோசெப் 63 சதவீதம் கலந்த பொடி. லிட்டருக்கு 2 கிராம். இதில் மேங்கோசெப் இலையின் மேல் படிந்து, பூஞ்சையின் வித்து முளைப்பதைத் தடுக்கும். அது மழையில் கழுவிப்போகும். கார்பெண்டாசிம் இலைக்குள் போய்விடும். வெறித்திருக்கும் காலை நேரமாகப் பார்த்து அடித்து, இலை நன்றாகக் காய்ந்துவிட்டால், சாயங்கால மழை அதை அவ்வளவாக அசைக்காது. புரட்டாசிக் கடைசியில் ஆரம்பித்து 15 நாள் இடைவெளியில் மூன்று முறை, அவ்வளவுதான் வேலை. வந்த புள்ளி மறையாது, அடி இலைகள் உதிரத்தான் செய்தன. மேல்பாதி பச்சையாக நின்றது. மழை தொடங்கிய பிறகு முழித்துக்கொண்டால் எந்த மருந்தும் இந்த அளவு கைகொடுக்காது என்று நினைக்கிறேன்.

குறையும் உண்டு. இலையெல்லாம் விபூதி தெளித்த மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். கையுறை, முகமூடி இல்லாமல் அடிக்கக் கூடாது. அடித்த செடியின் இதழைச் சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. கார்பெண்டாசிமையே திரும்பத் திரும்ப அடித்தால் பூஞ்சை பழகிக்கொள்ளும், அதனால் மூன்று தடவையோடு நிறுத்திவிட்டேன். நான் பார்த்தது ஒரே ஒரு மழைக்காலம், அடுத்த வருடமும் இப்படியே கேட்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சூடோமோனாஸ் அடித்த வருடம் உதிர்ந்த இலையை நான் பொறுக்கவே இல்லை. பூஞ்சை அந்தச் சருகிலேயே காத்திருந்து மழைத்துளி தெறிக்கும்போது மேலே ஏறும். இந்த வருடம் வாரம் இருமுறை பொறுக்கிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தினேன், எருக்குழியில் போடவில்லை. ஆக, சூடோமோனாஸ் தோற்றதில் பாதி என் சோம்பேறித்தனம். பொடியின் வெற்றியில் பாதி அந்தச் சாக்கு.

தை, மாசியில் தளிரிலும் மொட்டிலும் மாவு பூத்தது மாதிரி வருவது வேறு, அது சாம்பல் நோய். அதற்கு இலை நனைய வேண்டியதில்லை, பகல் காய்ந்து இரவு ஈரக்காற்று அடித்தாலே போதும். நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலக்கும் கந்தகப் பொடி, லிட்டருக்கு 2 கிராம், வெயில் ஏறுமுன் அடிக்க வேண்டும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகும்.

பன்னீர் ரோஜா இரண்டையும் மட்டும் பொடி பக்கமே விடவில்லை. அந்த இதழில் மாமியார் குல்கந்து போடுவார். கார்த்திகையில் அவை மொட்டையானால் ஆகட்டும், தையில் துளிர்த்துக்கொள்ளும் என்பது அவர் தீர்ப்பு. அந்த இரண்டுக்கும் இன்றுவரை புளித்த மோர்தான்.