வீட்டில் கட்டிய காரில் எலக்ட்ரானிக் ஸ்பீடோமீட்டர்: பல வருடம் ஓட்டிய அனுபவம்

கியர்பாக்ஸ் ஒரு வண்டியிலிருந்து, டிஃபரன்ஷியல் (சுழற்சியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) இன்னொன்றிலிருந்து, சக்கரமும் டயரும் நம் இஷ்டப்படி. சொந்தமாகக் கார் கட்டினால் இப்படித்தான் அமையும். இந்தக் கூட்டணிக்கென்று அளந்து செய்த ஸ்பீடோமீட்டர் யாரிடமும் இருக்காது. அதனால் பல்ஸ் (சென்சார் அனுப்பும் மின்துடிப்பு) எண்ணிக்கையை நாமே அமைத்துக்கொள்ளும் எலக்ட்ரானிக் மீட்டர்தான் வழி. அப்படி ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். மீட்டர் நல்ல மீட்டர்தான். காலிபரேஷன், அதாவது மீட்டரை உண்மை வேகத்தோடு பொருத்துவது, என்றதும் எல்லோரும் தயங்குவார்கள், ஆனால் அது சுலபம். பாடாய்ப் படுத்துவது சென்சார்.

வேலை செய்யும் விதத்தில் பெரிய ரகசியம் இல்லை. சுற்றும் பாகத்துக்குப் பக்கத்தில் ஒரு சென்சார், இரும்புத் துருத்தல் ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு பல்ஸ். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்று சொல்லிவிட்டால் வேகத்தையும் தூரத்தையும் மீட்டரே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

எந்த பாகத்துக்குப் பக்கத்தில் என்பதில்தான் யோசிக்க வேண்டும். பலர் சக்கர ஹப்பில் வைக்கிறார்கள். அங்கே நான்கு போல்ட் இருந்தால் சக்கரம் ஒரு சுற்றுக்கு நான்கு பல்ஸ். நெரிசலில் 5 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது நொடிக்கு மூன்று பல்ஸ் வந்தாலே அதிகம், முள் விட்டு விட்டுக் குதிக்கும். முன் சக்கரமாக இருந்தால் வளைவில் உள் சக்கரம் குறைவாகவும் வெளிச் சக்கரம் அதிகமாகவும் சுற்றுவதால் அந்த வித்தியாசமும் மீட்டரில் தெரியும். போல்ட்டுக்குப் பதிலாக எண்ணுவதற்கென்று பிரேக் டிஸ்க்குக்குப் பக்கத்தில் காந்தம் ஒட்டுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் சூடானால் பலம் குறைந்துவிடும், ஆறினாலும் முழுசாகத் திரும்பாது.

நான் வைத்தது டிஃபரன்ஷியல் முன்பக்கம், கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் ஃபிளாஞ்சில் (இணைப்புத் தட்டில்). அங்கும் நான்கு போல்ட்தான், ஆனால் டிஃபரன்ஷியல் விகிதம் 3.92, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ஷாஃப்ட் 3.92 முறை சுற்றும் என்பதால், சக்கரம் ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 16 பல்ஸ் கிடைக்கிறது. இடது வலது சக்கரங்களின் சராசரியும் தானாக வந்துவிடும். என் காரில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு முடுக்கியிருப்பதால் பள்ளம் மேட்டில் இடைவெளி மாறாது. ஆக்சில் முழுதாக மேலும் கீழும் ஆடும் வண்டி என்றால் சென்சார் பிராக்கெட்டை ஆக்சில் மேலேயே வைக்க வேண்டும், சேஸிஸில் வைத்தால் ஒரு நாள் போல்ட் சென்சாரைத் தட்டிவிடும்.

காந்தப்புல மாற்றத்தை உணரும் ஹால் வகை சென்சாரைத்தான் சொல்வேன். இரண்டு ஒயர் மட்டும் இருக்கும் காயில் வகை மலிவு, சப்ளையும் வேண்டாம். ஆனால் அதன் மின்னழுத்தம் வேகத்தோடு ஏறி இறங்கும். மெதுவாகப் போகும்போது சிக்னல் மீட்டருக்குப் புரியாத அளவு சுருங்கிவிடும், முள் பூஜ்ஜியத்திலேயே கிடந்துவிட்டுத் திடீரென்று எழும். ஹால் சென்சாரில் அந்தத் தொல்லை இல்லை, நின்ற இடத்திலிருந்து எண்ணும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: இவற்றில் பல, சிக்னல் ஒயரை எர்த்துக்கு இழுக்க மட்டுமே செய்யும். சப்ளைக்கும் சிக்னலுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், 10 கிலோ ஓம் போல, இருந்தாக வேண்டும். சில மீட்டர்களில் அது உள்ளேயே இருக்கும். இல்லாவிட்டால் முள் அசையவே அசையாது, நாம் சென்சாரைச் சந்தேகப்பட்டுக் கொண்டிருப்போம்.

போல்ட்டையும் கவனியுங்கள். துருப்பிடிக்காது என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டால் ஹால் சென்சாருக்கு அது இருப்பதே தெரியாது, காந்தம் இழுக்கும் எஃகுதான் வேண்டும். ஆலன் கீ போட்டு முடுக்கும் வகைப் போல்ட்டின் தலையில் நடுவே குழி இருக்கிறதே, சென்சார் முனை சிறிதாக இருந்தால் அந்த விளிம்பையும் இந்த விளிம்பையும் தனித்தனியாகப் பார்த்து ஒரு போல்ட்டுக்கு இரண்டு பல்ஸ் தரும். அதுவும் எப்போதும் தராது, சில வேகத்தில் மட்டும். அறுகோணத் தலை போல்ட் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

இடைவெளி வைக்கும்போது காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, நான்கு போல்ட் தலைக்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். ஒரே செட் போல்ட்தான், ஆனாலும் ஒன்று மற்றவற்றைவிட நன்றாகவே உயர்ந்திருந்தது. அந்த உயர்ந்த போல்ட்டுக்கு 1 மில்லிமீட்டர் வைத்து லாக் நட்டை இறுக்கினேன். அப்புறம் சாவியைப் போட்டு, சிக்னல் ஒயரில் மல்டிமீட்டர் வைத்து, மறுபடி மெல்லச் சுற்றினால் 5 வோல்ட் சட்டென்று பூஜ்ஜியத்துக்கு விழுந்து திரும்ப ஏறுகிறது. ஒரு சுற்றுக்கு நான்கு விழுதல். மூன்றோ ஐந்தோ வந்தால் மீட்டர் பக்கமே போக வேண்டாம், கோளாறு கீழேதான்.

இனி கணக்கு. என் டயர் 195/50 ஆர்15. பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவை வைத்துப் பார்த்தால் விட்டம் 576 மில்லிமீட்டர், சுற்றளவு 1.81 மீட்டர். இந்த எண்ணை நேராகப் போடாதீர்கள். எடை ஏறியதும் டயர் அமுங்கும், ஒரு சுற்றில் கடக்கும் தூரம் குறையும். காற்று அழுத்தத்தைச் சரிபார்த்து, ஓட்டுகிறவரை உட்கார வைத்து, டயரிலும் தரையிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நேர்க்கோட்டில் பத்துச் சுற்று தள்ளி டேப்பால் அளந்தால் போதும். எனக்கு வந்தது 17.60 மீட்டர். அதாவது சுற்றுக்கு 1.76, காகிதக் கணக்கைவிடக் கிட்டத்தட்ட 3 சதவீதம் குறைவு. கிலோமீட்டருக்கு 568 சுற்று, அதை 3.92-ஆலும் 4-ஆலும் பெருக்கினால் சுமார் 8,909 பல்ஸ்.

மீட்டரில் இந்த எண்ணை நேராகப் போடலாம். அல்லது தெரிந்த தூரத்தின் தொடக்கத்தில் பட்டனை அழுத்தி, முடிவில் மறுபடி அழுத்தி, அதையே எண்ணிக்கொள்ளச் சொல்லலாம். மூன்றாவதாக, போனின் ஜிபிஎஸ் பார்த்துத் தெரிந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டே முள் பொருந்தும்வரை பட்டனைத் தட்டும் முறையும் உண்டு. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கண் போனில், இன்னொரு கண் முள்ளில் என்று சாலையில் செய்யத் தகுந்த வேலையா அது? தூர முறையில் அந்த அவஸ்தை இல்லை. நடுவில் சிக்னலில் நின்றாலும் மெதுவாகப் போனாலும் பல்ஸ் எண்ணிக்கை மாறாது. நீளமான தூரம் எடுங்கள். பட்டனை அழுத்துவதில் 5 மீட்டர் முன்னே பின்னே ஆனால் 1 கிலோமீட்டரில் அரை சதவீதப் பிழை, 10 கிலோமீட்டரில் கண்டுகொள்ளவே வேண்டாம். என் காரில் டேப் கணக்குக்கும் சாலைக் கணக்குக்கும் வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே. எந்த முறை என்பதைவிட இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம்.

ஜிபிஎஸ்ஸை நான் சரிபார்க்க மட்டுமே வைத்திருக்கிறேன். திறந்த வானத்தின் கீழே சீரான வேகத்தில் அது மிகத் துல்லியம். வேகம் மாறும்போது போன் ஒரு வினாடியாவது பின்தங்கும், ஆகவே வேகத்தை நிலையாகப் பிடித்துச் சிறிது நேரம் கழித்துப் பார்க்க வேண்டும், பார்ப்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராக இருக்கட்டும். சாலை ஏற்றத்தால் ஜிபிஎஸ் குறைத்துக் காட்டும் என்று சிலர் கவலைப்படுவார்கள். பத்துக்கு ஒன்று ஏற்றத்தில்கூட அது அரை சதவீதம்தான், விட்டுத்தள்ளுங்கள்.

சரி, மிகச் சரியாக 100 என்றால் 100 காட்டும்படி வைக்கலாமா? வைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதியைப் பின்பற்றும் இடங்களில் ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதிகமாகக் காட்டலாம், உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் வரை. உண்மையில் 80-ல் போனால் 80 முதல் 92 வரை எதைக் காட்டினாலும் குற்றமில்லை, 79 காட்டினால் தப்பு. கம்பெனி கார்கள் எல்லாம் கொஞ்சம் கூட்டியே காட்டுவது இதனால்தான். நான் 8,909-க்குப் பதில் 8,730 போட்டிருக்கிறேன். எண் குறைந்தால் காட்டும் வேகம் கூடும், இதில் பலர் திசை மாறிக் குழம்புகிறார்கள். என் மீட்டர் 2 சதவீதம் கூட்டிக் காட்டுகிறது, புது டயரோ காற்று கொஞ்சம் கூடுதலோ வந்தாலும் குறைத்துக் காட்டாது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஓடோமீட்டரும் அதே பல்ஸைத்தான் எண்ணுகிறது, அதனால் அதுவும் 2 சதவீதம் கூடுதலாக ஓடும். மைலேஜ் கணக்கு நம்மைப் பார்த்துச் சிரிக்கும், கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலப்போக்கில் எண் தானாகவும் நகர்கிறது. புது டயரின் 8 மில்லிமீட்டர் பட்டன் (டயர் மேற்பரப்பின் வரிப்பள்ள ஆழம்) 1.6 வரை தேய்ந்தால் விட்டத்தில் 12.8 மில்லிமீட்டர் போய்விடும், என் அளவு டயரில் அது 2.2 சதவீதம். தேயத் தேய மீட்டர் இன்னும் கூட்டிக் காட்டும், விதிப்படி பாதுகாப்பான பக்கம்தான். ஆபத்து டயர் மாற்றும் அன்று. முக்கால்வாசி தேய்ந்த டயரில் காலிபரேட் செய்திருந்தால் புதுசு போட்டதும் மீட்டர் குறைத்துக் காட்டத் தொடங்கும். அதனால் புது டயரில் மட்டுமே அளக்க வேண்டும்.

பிழை வந்தால் அதன் போக்கே காரணத்தைச் சொல்லிவிடும். எல்லா வேகத்திலும் ஒரே சதவீதம் தவறு என்றால் பல்ஸ் எண்ணை மாற்றுங்கள். எல்லா வேகத்திலும் ஒரே 4 கிலோமீட்டர் தவறு என்றால் முள் அச்சில் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, எண்ணைத் தொடாதீர்கள். குறிப்பிட்ட வேகம்வரை சரியாக இருந்து அதற்கு மேல் சரிந்தால் பல்ஸ் விட்டுப்போகிறது, இடைவெளியைப் பாருங்கள். என் கணக்கில் 100-ல் நொடிக்கு 247 பல்ஸ்தான், எந்த மீட்டருக்கும் அது சுமையே இல்லை. ஹெட்லைட் போட்டதும் முள் நகர்ந்தால் மீட்டரின் எர்த்தைத் தனியாக இழுக்க வேண்டும். நின்றுகொண்டே நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் முள் 30-க்குப் போகிறதா? இக்னிஷன் இரைச்சல். எனக்கு இது நடந்தது. சிக்னல் ஒயரை ஸ்பார்க் பிளக் ஒயரிலிருந்து தள்ளி வேறு வழியாக ஓட்டி, ஷீல்டு ஒயர் (மேலே உலோக உறை சுற்றியது) போட்டு, ஷீல்டை மீட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்ததும் அடங்கிவிட்டது. இரண்டு முனையிலும் எர்த் செய்தால் ஷீல்டு வழியாகவே மின்னோட்டம் ஓடி வேறு பிரச்சினை வரும்.

இத்தனை வருடத்தில் பராமரிப்பு என்று பார்த்தால் சர்வீஸின்போது சென்சார் முனையைத் துடைப்பதுதான். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் தூள் மீசைபோல் சேர்ந்துவிடுகிறது, விட்டால் பல்ஸ் மங்கும். லாக் நட்டுக்குத் திரெட் லாக் போட்டிருக்கிறேன், தளரவில்லை. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் மீட்டர் எண்ணை மறக்கவில்லை. இருந்தாலும் 8,730 என்று ஃபியூஸ் பாக்ஸ் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன், மீட்டரே போனால் புதுசுக்கு உதவும்.

மறுபடி வாங்குவதாக இருந்தால் மூன்று வசதி பார்ப்பேன். பல்ஸ் எண்ணை நேராகப் பதிய வழி இருக்க வேண்டும், தூர முறை மட்டும் உள்ளவற்றில் சின்னத் திருத்தத்துக்கும் மறுபடி சாலைக்குப் போக வேண்டியிருக்கும். வேகத்துக்கும் ஓடோமீட்டருக்கும் தனித்தனித் திருத்தம் இருந்தால் மைலேஜ் தொல்லை தீரும். ஜிபிஎஸ்ஸிலேயே ஓடும் மீட்டர்களும் இப்போது வருகின்றன, சென்சாரும் வேண்டாம் காலிபரேஷனும் வேண்டாம். ஆனால் சுரங்கப்பாதையில் குருடாகிவிடும், கிளம்பியதும் செயற்கைக்கோள் பிடிக்கும்வரை முள் படுத்தே கிடக்கும். சென்சார் வைக்க இடமே இல்லாத வண்டிக்கு அது சரி, இடம் இருந்தால் நான் போல்ட் தலையைத்தான் எண்ணுவேன்.