மீசப்புலிமலைக்கு 'ரகசிய வழி' விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

கொழுக்குமலையிலிருந்து மீசப்புலிமலை உச்சிக்கு "யாருக்கும் தெரியாத ரூட்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. தலைக்கு 3,500 ரூபாய், பர்மிட் உட்பட. போன அக்டோபரில் மதுரையிலிருந்து நாங்கள் நான்கு பேர் அதை நம்பிப் போனோம்.

2,640 மீட்டர் உயரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆனைமுடிக்கு அடுத்த உயரமான சிகரம். முறைப்படி போக வேண்டுமென்றால் மூணாறு பக்கம் ரோடோ வேலி வழியாகக் கேரள வன வளர்ச்சிக் கழகமே வழிகாட்டியோடு அழைத்துப்போகிறது. அது தெரிந்தும் பாதையே இல்லாத பக்கமாக ஏற ஆசைப்பட்டது எங்கள் கொழுப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

போடிமெட்டு ஏறி, சூரியநெல்லியில் ஜீப் பிடித்து, விடியுமுன் கொழுக்குமலை. வழிகாட்டித் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "கண்ணைக் கட்டிவிட்டாலும் ஏறுவேன்ணே" என்றான். பர்மிட் கேட்டதற்கு ஒரு சீட்டைக் காட்டிவிட்டு மடித்து என் பைக்குள் செருகிவிட்டான். அது எஸ்டேட்டுக்குள் நுழையக் கொடுத்த ரசீது என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

முதல் ஒரு மணி நேரம் புல்மேடு, ஒரு குறையும் இல்லை. அப்புறம் மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தம்பி நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். எட்டிப் பார்த்தேன். வேறு யாரோ ஏறியபோது பதிவு செய்த ஜிபிஎஸ் கோடு. அவன் தொழிலுக்கான முதலே அந்தக் கோடுதான்.

கோடு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மலைச் சரிவில், நாம் நிற்கும் இடத்தைப் போனில் காட்டும் புள்ளி பல மீட்டர் தள்ளித் தள்ளி நிற்கிறது. இந்த மலையில் முகடுகளில் புல், மடிப்புகளில் சோலைக்காடு. முகட்டை விட்டு முப்பதடி இறங்கினாலும் குறிஞ்சிப் புதர் இடுப்புக்கு மேல் வந்துவிடுகிறது. நாங்கள் இறங்கினோம். "இதோ தடம் இருக்கே" என்று அவன் காட்டியது வரையாடு போன தடம். வரையாடு ஆபத்து வந்தால் செங்குத்துப் பாறைக்குத்தான் ஓடும். அதன் தடமும் எங்களை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தியது. அடுத்து, ஓடையைப் பிடித்து இறங்கலாம் என்றான். எங்களில் ஒருவன் போகவே கூடாது என்று உட்கார்ந்துவிட்டான். அந்தப் பிடிவாதம்தான் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். பனி விலகியபோது, ஓடை நூறடி தள்ளி அப்படியே கீழே விழுவதைப் பார்த்தோம்.

என் போனிலேயே சம உயரக் கோடுகள் போட்ட வரைபடம் இருந்தது. கோடுகள் எங்கே நெருங்குகின்றன (அங்கே சரிவு செங்குத்து), முகடு எங்கே முறியாமல் போகிறது என்று முந்தின இரவு அரைமணி நேரம் பார்த்திருந்தால் அவனை அங்கேயே நிறுத்தியிருப்பேன். காசு கொடுத்தாயிற்றே என்று மூளையைக் கழற்றி வைத்துவிட்டேன்.

வந்த தடத்திலேயே புல்மேட்டுக்குத் திரும்பினோம். உச்சியைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. வனக்காவலர்கள் எதிரே வந்தபோது தம்பியைக் காணோம். அந்த ரசீதை அவர்களிடம் நீட்டிய எங்கள் முகங்களை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. 2018 மார்ச் 11 அன்று இதே கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்ததை ஒரு காவலர் நிதானமாகச் சொன்னார். திட்டியிருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது.

இப்படி யாராவது அழைத்தால் பர்மிட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கையில் வாங்கிப் பாருங்கள். எந்த முகடு வழியாக, தண்ணீர் எங்கே, பனி மூடினால் எந்த இடத்திலிருந்து திரும்புவோம் என்று கேளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம்ணே" என்று பதில் வந்தால் ஜீப் ஏறாதீர்கள்.

பணம் திரும்பவில்லை, என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டான். விளம்பரம் இன்னும் ஓடுகிறது. அதில் 'உச்சி தொட்ட தருணம்' என்று இப்போது ஒரு புதுப் படம்: வெள்ளைப் பனிக்கு நடுவே நான்கு பேர், ஒருவர் ஆரஞ்சு மழைக்கோட்டில். அந்தக் கோட்டில் இருப்பது நான்தான். அது உச்சி இல்லை.